நிலவு போன்ற முகம் யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

வருணனை எழுதுவது குறித்து ஐயங்களை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஏழினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயரை மட்டுமே தருகிறேன்.

கேள்வி: என் பாட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையை இத்துடன் அனுப்பியுள்ளேன். ‘நிலவு போன்ற முகம், கருணை பொங்கும் கண்கள், வெள்ளை உள்ளம், மாறாத புன்னகை’ என்று மனம் உருகித்தான் எழுதினேன். படித்துப் பார்த்த என் தம்பியோ, ‘இது யாருடைய பாட்டி?’ என்று கேட்டுவிட்டான். எங்கே தவறு நேர்ந்தது?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் தம்பி கேட்டதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் சொல்லிவிட முடியாது. நீங்கள் எழுதிய நான்கு தொடர்களும் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். நாட்காட்டிப் படத்தில் சிரிக்கும் பாட்டிக்கும் பொருந்தும். கட்டுரையை இரண்டு முறை படித்தும் அவர் என் கண்ணில் படவில்லை. ஆனால், கட்டுரையோடு சேர்த்து எனக்கு எழுதிய கடிதத்தில், ‘அத்தை கல்யாணத்துக்காகத் தண்டட்டியை விற்றவர், அதன் பிறகு காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் பாட்டி எழுந்து வந்து நின்றுவிட்டார்.

தண்டட்டி அணிந்த காதினை இன்றைய இளம் வாசகர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். சிறு வயதிலேயே காது குத்தி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, மடல் தோளை நோக்கி இறங்கும்படி வளர்ப்பார்கள். அதற்குக் காது வளர்த்தல் என்றே பெயர். நகையைக் கழற்றிவிட்டாலும் மடல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. விற்றுவிட்ட பொன்னின் அளவு அவருடைய உடம்பிலேயே தங்கிவிடுகிறது. இதை நாள்தோறும் பார்த்து வளர்ந்ததால்தான், எழுதத் தக்க ஒன்றாக உங்களுக்குத் தோன்றவில்லை. கட்டுரைக்கென்று உட்கார்ந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு, ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த சொற்களைத் தேடப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் இருந்தவற்றை மட்டும் வைத்து நான் எழுதிப் பார்த்த பத்தி இது:

‘அத்தையின் கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து பாட்டியின் காதில் துளை மட்டுமே இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து சிறிய உரலில் வெற்றிலை இடிக்கும்போது, ஒவ்வோர் இடிக்கும் அந்த வெறும் மடல்கள் கன்னத்தில் பட்டு விலகும். நாங்கள் அதற்குள் விரலை விட்டு விளையாடுவோம். வலிக்குதா பாட்டி என்று கேட்டால், கனம் இருந்தப்பத்தான்டி வலிச்சது என்பார்.’

கடைசி வாக்கியத்தைப் பாட்டி சொல்லியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் உண்மையில் சொன்ன ஒன்றை நினைவிலிருந்து எடுத்து அந்த இடத்தில் வையுங்கள். கருணை, தியாகம் முதலிய சொற்களை நான் பயன்படுத்தவில்லை. அவற்றைப் படிப்பவர் தாமாகவே சொல்லிக்கொள்வார், சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பெழுதும் முன்பு, அவருடைய கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிப் பாருங்கள். அவருடைய சுருக்குப் பையில் என்னென்ன இருந்தன என்று ஒரு பட்டியல் போட்டால்கூட உங்கள் பழைய கட்டுரையைவிட அது மேலாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: என் சிறுகதையில் நாயகியை ‘கறுப்பாக இருந்தாலும் களையாக இருந்தாள்’ என்று அறிமுகப்படுத்தியிருந்தேன். என் தோழி ஒருவர் கோபித்துக்கொண்டார். பாராட்டாகத்தானே எழுதினேன்?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: நான் உங்கள் தோழியின் பக்கம். அந்த வாக்கியத்தில் நாயகியைப் பற்றி எதுவும் தெரியவில்லை. ‘இருந்தாலும்’ என்ற ஒற்றைச் சொல்லில் எழுதியவரைப் பற்றித்தான் நிறையத் தெரிகிறது. கறுப்பு நிறத்தை ஒரு குறையாக எண்ணி, அதைப் பெருந்தன்மையோடு மன்னிக்கும் குரல் அது. கதைக்குள் அப்படிப் பேசக்கூடிய மாமியாரோ தரகரோ இருந்தால் அவர் வாயில் வையுங்கள். அங்கே அது உயிருள்ள வாக்கியமாகிவிடும். கதை சொல்பவரே சொல்வதுதான் சிக்கல்.

எந்த வருணனையிலும் பார்க்கப்படும் பொருளோடு பார்ப்பவரும் சேர்ந்தே தெரிவார். இதற்குக் குறுந்தொகையின் 167ஆம் பாடலைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், தான் கண்டதைப் பெற்ற தாயான நற்றாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களோடும், துவைக்க வேண்டிய ஆடையைத் துவைக்காமல் உடுத்தியபடியும், தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கவும், அந்தப் பெண் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். உடனே, ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே’ என்று பாட்டு முடிந்துவிடுகிறது.

முகம் என்பது இப்பாடலின் கடைசிச் சொல். விரலும் ஆடையும் கண்ணும் குழம்பும் கணவனின் ஒரு சொல்லும் கடந்த பிறகே முகத்துக்கு வருகிறோம். அந்த முகமும் எப்படி இருந்தது என்று சொல்லப்படவில்லை; யாருக்கும் தெரியாத அளவில் நுட்பமாக மகிழ்ந்தது என்று மட்டுமே சொல்லப்படுகிறது. அவ்வளவு சிறிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கூடியவள், அவளைத் தூக்கி வளர்த்த செவிலிதான். துவைக்காத ஆடை அவள் கண்ணில் பட்டதற்கும் அதுவே காரணம். வீட்டுக்கு வந்துபோன வேறொரு விருந்தினர் அதைக் கவனித்திருக்கவும் மாட்டார், கவனித்திருந்தால் முகம் சுளித்திருப்பார். உங்கள் நாயகியை முதலில் பார்ப்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள். அதன் பிறகு நிறம் தேவைப்படுகிறதா என்று பார்க்கலாம்.

கேள்வி: உவமையே இல்லாமல் எழுத வேண்டும் என்று ஒரு பயிலரங்கில் சொன்னார்கள். தமிழில் அது சாத்தியமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: சாத்தியம்தான். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகள் 35 என்று கூறி, அவற்றில் முதலாவதாகத் தன்மையணியையே வைக்கிறது; உவமை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. ‘எவ்வகைப் பொருளும் மெய்வகை விளக்கும் சொன்முறை தொடுப்பது தன்மை யாகும்’ என்பது அதன் இலக்கணம். உள்ளதை உள்ளபடி, அதன் இயல்பு விளங்கும் முறையில் சொற்களைத் தொடுப்பதே ஓர் அணி என்று நம் மரபு ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால், உவமையை அடியோடு விலக்க வேண்டும் என்ற விதியை நான் ஏற்கவில்லை. நாம் கேட்க மறந்தது, உவமை எதற்காக வருகிறது என்ற கேள்வியைத்தான். தொல்காப்பிய உவமவியல் ‘வினை பயன் மெய் உரு’ என நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை; மாரி போன்ற கை என்றால் பயன்; துடி போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம்; பொன் போன்ற மேனி என்றால் உரு, அதாவது நிறம். நீங்கள் எழுதிய உவமையை இந்த நான்கில் ஒன்றில் நிறுத்திப் பாருங்கள். நிலவு போன்ற முகம் என்பது வட்டத்தைச் சொல்கிறதா, வெண்மையைச் சொல்கிறதா, குளிர்ச்சியைச் சொல்கிறதா என்று எழுதியவருக்கே விளங்காவிட்டால் அதை அடித்துவிடலாம். ‘தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போல அவள் கோபம் சீறி அடங்கியது’ என்றால், அது வினை உவமை என்பதில் ஐயமே இல்லை. ஓசையும், நேர அளவும், அடியில் தொடர்ந்து எரியும் நெருப்பும் அதில் அடங்கியிருக்கின்றன. அடுப்படியில் நின்றவருக்குக் கிடைக்கும் உவமை அது.

ஒரு பத்திக்கு ஓர் உவமை போதும். இரண்டாவது வந்தால் முதலாவதை அது விழுங்கிவிடுகிறது.

கேள்வி: தனுஷ்கோடிக்குச் சென்று வந்து பயணக் கட்டுரை எழுதினேன். ‘கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலக்கடல், வெண்மணல், இடிந்த தேவாலயம், 1964 புயலின் சோகச் சுவடுகள், மனத்தை உருக்கும் அமைதி’ என்று எழுதியிருந்தேன். சுற்றுலாக் கையேடு போல இருக்கிறது என்று ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. இடத்தை எப்படித்தான் எழுதுவது?
(வாசகர், சென்னை)

பதில்: ‘அமைதி’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது உண்மையே இல்லை. தனுஷ்கோடியில் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பல நாள்களில் குரலை உயர்த்த வேண்டியிருக்கும், காற்று அப்படி. கெண்டைக்காலில் மணல் வந்து குத்தும். தார்ச்சாலையின் மேல் மணல் மெல்லிய கோடுகளாக ஊர்ந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இடிபாடு என்றால் அமைதி என்று நம் மனத்தில் ஒரு வாய்பாடு பதிந்திருப்பதால், காதில் விழுந்ததை ஒதுக்கிவிட்டு வாய்பாட்டை எழுதிவிட்டீர்கள். இடத்தை எழுதும்போது செய்ய வேண்டிய முதல் காரியம், வீடு திரும்பும் முன் அங்கேயே நின்று, காதுக்கும் மூக்குக்கும் தோலுக்கும் என்ன கிடைத்தது என்று குறித்துக்கொள்வது. கண்ணுக்குக் கிடைத்ததை உங்கள் கைபேசி குறித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, தேவாலயம். இடிந்த தேவாலயம் என்ற இரண்டு சொற்களோடு நகர்ந்துவிட்டீர்கள். அதன் சுவருக்குப் பக்கத்தில் போனால், கட்டடக் கல்லில் கண் கண்ணாகத் துளைகள் தெரியும்; அது பவளப் பாறையை அறுத்து எடுத்த கல். கடலில் வளர்ந்த ஒன்றை எடுத்துக் கரையில் கோயில் எழுப்பினார்கள், கடல் வந்து அதை உடைத்தது. இதை நான் இவ்வளவு விளக்கிச் சொல்வதே அதிகம். கட்டுரையில் ‘விரலை வைத்தால் பவளத்தின் துளைகள் தெரிகின்றன’ என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம்.

வரலாற்றுச் செய்தியை எங்கே வைப்பது என்பதும் வருணனையின் ஒரு பகுதியே. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டதையும் முதல் பத்தியிலேயே கொட்டிவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு கல்லும் அதற்கு விளக்கப்படமாகிவிடுகிறது. ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவரருகே போகும் வரை அதைக் கையிலேயே வைத்திருங்கள். அங்கே, தண்டவாளம் எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்று பார்க்கத் திரும்பும் கணத்தில் சொல்லுங்கள்.

இடத்துக்கு உரிய சொற்களைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். தனுஷ்கோடி இருக்கும் ராமேஸ்வரம் தீவின் மீனவர்கள் அலை அடங்கிய வடபுறத்துக் கடலைப் பெண் கடல் என்றும், கொந்தளிக்கும் தென்புறத்துக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். காற்றுக்கும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் உண்டு. ‘பலத்த காற்று வீசியது’ என்று நீங்கள் எழுதிய இடத்தில், அன்று வீசியது எந்தக் காற்று என்று படகோட்டி ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு சொல்லிலேயே மாதமும் திசையும் வலை போட்டார்களா இல்லையா என்பதும் கிடைத்திருக்கும். இப்படிப்பட்ட சொற்களை அடுக்கிக் காட்டினால் மட்டும் கட்டுரை அகராதியாகிவிடும், ஒன்று போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன்பு, ஈர மணலில் வேனிலும் ஜீப்பிலும் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டியிருந்தது. அப்படிப் போனவருக்கும், காரில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு போனவருக்கும் ஒரே தனுஷ்கோடி கிடைக்காது. நீங்கள் எப்படிப் போனீர்கள், யாரோடு போனீர்கள், எதைப் பார்க்க எண்ணிப் போய் எதைப் பார்த்தீர்கள் என்பது உங்கள் கட்டுரையில் எங்கும் இல்லை. சங்கும் சோழியும் விற்கும் கடைகளைத் தாண்டித்தானே இடிபாடுகளுக்குப் போயிருப்பீர்கள்? சோகச் சுவடுகளுக்குப் பொருந்தாது என்று அவற்றை விட்டுவிட்டீர்கள் போலும். நான் முதலில் எழுதியிருக்கக் கூடியது அந்தக் கடைகளைத்தான்.

கேள்வி: ஒரு சிறுகதையில் வருணனை எத்தனை வரி இருக்கலாம்?
(வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: வரிக் கணக்கு எதுவும் இல்லை. படிப்பவர் தாண்டிக் குதிக்கும் பகுதி எதுவோ அது அதிகம். கதை நின்று, வருணனை முடிந்து, பிறகு கதை நகர்ந்தால் ஒரு வரியும் நீளமாகத்தான் தெரியும். கதவைத் திறக்கும் கை வழியாகவே அந்தக் கதவைக் காட்டிவிட்டால் யாரும் வரியை எண்ண மாட்டார்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ‘பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு’ என்பதைத் தாண்டி மாணவர்கள் வருவதில்லை. வகுப்பில் செய்யத்தக்க பயிற்சி ஏதேனும் உண்டா?
(ஆசிரியை, விழுப்புரம்)

பதில்: உங்கள் மாணவர்களுக்கு வருணனை ஏற்கெனவே தெரியும், அதற்கு விடுகதை என்று பெயர் என்பதால் தமிழ்ப்பாடத்தோடு அவர்கள் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ‘அடிக்காமல் திட்டாமல் கண்ணீரை வரவழைப்பான்’ என்பதில் வெங்காயத்தின் நிறமோ வடிவமோ இல்லை. அது நமக்கு என்ன செய்கிறது என்பது மட்டுமே இருக்கிறது. ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம்’ என்பதில் தேன்கூட்டின் அறைகளும் அதைக் கட்டிய உழைப்பும் அதற்கு வரும் கேடும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. பெயரைச் சொல்லாமல் அடையாளம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால், பொதுச்சொல்லுக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது.

ஆகவே, பள்ளியில் எல்லோரும் பார்க்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் மணியாகத் தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டு. அதன் பெயரையும் பயனையும் சொல்லாமல் ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொல்லுங்கள். எழுதும் முன் எல்லோரும் போய் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் துருவேறி, அடிபடும் இடம் மட்டும் தேய்ந்து பளபளப்பதையும், அடித்து முடித்த பிறகும் கையை வைத்தால் உள்ளே நடுக்கம் ஓடுவதையும் யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கண்டுபிடித்துவிடும். காலை மணி ஒரு மாதிரியும் மாலை மணி வேறு மாதிரியும் கேட்கிறது என்று ஒருவன் எழுதினால், அறிவியலுக்குப் பொருந்துமா என்று கேட்காமல் முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.

‘அழகான’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். பக்கத்தில் ‘உனக்கு எப்படித் தெரிந்தது?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். பதிலாக மாணவர் சொல்வதே, அந்தச் சொல் இருந்த இடத்தில் வர வேண்டிய வாக்கியமாக இருக்கும்.

கேள்வி: நகரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பூ விவசாயக் குடும்பம் ஒன்றைப் பற்றி நாவல் எழுத ஆசை. நேரில் போக வாய்ப்பில்லை. காணொளிகளையும் படங்களையும் பார்த்து எழுதினால் போதாதா?
(வாசகி, ஈரோடு)

பதில்: பூவைப் பற்றியே கேட்டுவிட்டீர்கள் என்பதால், என் அவமானம் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். எழுதத் தொடங்கிய காலத்தில் நான் எழுதிய கதை ஒன்று இப்படித் தொடங்கியது: ‘விடியற்காலையில் பூத்துக் குலுங்கிய மல்லிகைத் தோட்டத்தில், மணத்தில் மயங்கியபடி பெண்கள் பூப்பறித்துக்கொண்டிருந்தனர்.’ கதை வெளியான பின், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘ஐயா, பூத்த பூவை யார் வாங்குவார்கள்? நாங்கள் பறிப்பது மொட்டு. மொட்டில் ஏது மணம்?’ என்று அதில் எழுதியிருந்தது. கதையைப் பற்றி வேறு ஒரு சொல்லும் இல்லை.

மதுரை மல்லி என்று நாம் அழைக்கும் மல்லிகையை விடிவதற்கு முன்பிருந்தே மொட்டாகப் பறிக்கிறார்கள். காலையில் சந்தைக்குப் போய், பகலில் தொடுக்கப்பட்டு, மாலையில்தான் அது தலையில் விரிகிறது. மணமும் விரியும்போதுதான் வருகிறது. நான் எழுதிய வாக்கியத்தில் காலமும் மணமும் இரண்டுமே தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்தப் பெண்கள் ‘மயங்கியபடி’ வேலை செய்தார்கள் என்று எழுதியது. கூலிக்குப் பறிப்பவருக்கு எடைதான் கணக்கு. மயங்கிக்கொண்டிருந்தது அறையில் மேசைக்கு முன்னால் இருந்த நான்.

காணொளி உதவும்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், பார்த்தவரின் கண்ணுக்கு அழகாகப் பட்டவற்றையே அது நமக்குக் காட்டும், பறிப்பவரின் இடுப்பு வலியை அது படம் பிடிப்பதில்லை. நேரில் போக முடியாவிட்டால், உங்கள் தெருமுனையில் பூ விற்பவரிடமாவது பத்து நிமிடம் பேசுங்கள். எத்தனை மணிக்குப் பூ வருகிறது, விற்காத பூவை என்ன செய்வார், மழை பெய்தால் என்ன ஆகும், முழம் போடும்போது கை எங்கிருந்து எங்கு வரை போகிறது என்று கேளுங்கள். எழுதி முடித்த பின், அவருக்கே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். முகம் சுளிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அஞ்சலட்டைக்குப் பிறகு நான் ஒரு வைகாசி மாதத்தில் நிலக்கோட்டைப் பக்கம் போனேன். இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு செடி செடியாகக் குனிந்து பறித்தார்கள். நான் ஒரு மணி நேரம் பறித்தும் என் மடியில் ஒரு கைப்பிடிதான் சேர்ந்தது. மொட்டு விரலில் பனியோடு வழுக்கியது. முகர்ந்து பார்த்தால் இலை வாசம்தான் வந்தது. வேண்டாம் என்று சொல்லியும் அந்தக் கைப்பிடியை ஈரத்துணியில் சுற்றி என் பையில் வைத்துவிட்டார்கள். பகலெல்லாம் அதை மறந்துவிட்டேன். மாலையில் பேருந்தில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பி என் பையைப் பார்த்து, ‘பூ வச்சிருக்கீங்களா?’ என்று கேட்டார்.